கோட்டைச்சாமி படித்த முகங்கள்

கோட்டைச்சாமியை நேரில் கண்டால் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். சோற்றுக்கடை வைத்திருப்பவள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். எழுதும்போது அந்தக் கட்டாயம் இல்லை. அவன் என்றே எழுதுகிறேன். 'அவர்' போட எனக்குக் கை வரவில்லை.

கம்பத்துக்கு மேற்கே, மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் அப்போது ஒரு செக்போஸ்ட் இருந்தது. பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, பாதைக்குக் குறுக்கே ஒரு மூங்கில், உட்கார ஒரு பெஞ்சு. அதற்கு எதிரில் என் கடை. காலையில் இட்லி, மத்தியானம் சோறு, நாள் முழுக்க டீ. அறுபதுகளின் கடைசி வருடங்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு. இங்கிருந்து அனுமதி இல்லாமல் அரிசி மேலே போகக்கூடாது என்று சட்டம் இருந்தது. ஆகவே அரிசி மேலே போய்க்கொண்டே இருந்தது. தலையில் போனது, இடுப்பில் போனது, வயிற்றில் கட்டிக்கொண்டும் போனது. கொண்டுபோனவர்கள் அநேகமாக எல்லாரும் பெண்கள். அதைத் தடுக்க வைத்த வாட்சர்தான் கோட்டைச்சாமி.

வேலை சுலபம். ஏறுகிறவர்களை நிறுத்தி மூட்டையைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கோட்டைச்சாமிக்கு அது கௌரவக் குறைச்சல். பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களின் முகத்தை மட்டும் பார்ப்பான்.

"மூஞ்சியப் பாத்தாப் போதும் பொன்னாத்தா. முந்தானையில என்ன இருக்குன்னு சொல்லிப்புடுவேன்" என்பான்.

பாதிப் பேரைப் புறங்கையை வீசி அனுப்பிவிடுவான். பாதிப் பேரை நிறுத்திச் சோதிப்பான். நிறுத்தப்பட்டவர்களிடம் கருவாடு இருக்கும், வெற்றிலை இருக்கும், சமயத்தில் ஒரு கோழி இருக்கும். அரிசி மட்டும் இருக்காது. அரிசி, அவன் புறங்கை வீசி அனுப்பிய பாதியோடு மலை ஏறிக்கொண்டிருக்கும்.

இந்த வித்தையை அவன் எங்கே படித்தான் என்று கேட்டால் சிரிப்பு வரும். அவன் பிறந்தது மயிலாடும்பாறைப் பக்கம். வாலிபத்தில் ஒரு மாட்டுத் தரகனோடு கூடமாட அலைந்து சுழி பார்க்கக் கற்றுக்கொண்டான். முதுகில் எங்கே சுழி இருந்தால் மாடு குடும்பத்துக்கு ஆகும், நெற்றியில் எப்படி இருந்தால் ஆகாது என்றெல்லாம் சொல்வான். சுழி சுத்தமாக இருக்கிறது என்று தனக்கே ஒரு காளை வாங்கினான். அது முதல் உழவில் முதல் சாலிலேயே படுத்துக்கொண்டது. வாலை முறுக்கினார்கள், மூக்கில் தண்ணீர் ஊற்றினார்கள், எழுந்திருக்கவில்லை. அதோடு தரகு போயிற்று. மாட்டுக்குப் பார்த்த கண்ணை மனிதர்கள் பக்கம் திருப்பிக்கொண்டான். மாடு என்றால் படுத்துக் காட்டிக் கொடுத்துவிடும், மனிதன் அப்படிச் செய்ய மாட்டான் என்ற தைரியம்தான்.

அவனுக்குப் பேர் வந்த கதையையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் வந்தாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கி நடந்தாள். கோட்டைச்சாமி பார்த்தான், கண்ணைச் சுருக்கினான், "போத்தா, பதனமாப் போ" என்று புறங்கையை வீசினான். நான் என் கடை வாசலில் நின்று என் கண்ணாலே பார்த்தேன். அவள் மூங்கிலைத் தாண்டக் காலைத் தூக்கினாள். உள்ளே கட்டியிருந்த முடிச்சு அவிழ்ந்தது. சீரகச் சம்பா கொட்டகை வாசல் முழுக்கச் சிதறியது.

அவன் துள்ளி எழுந்தான். "நான் நெனச்சேன்! வரும்போதே நெனச்சேன்!" என்று கத்தினான். அந்த நேரம் பார்த்து மேலதிகாரியின் ஜீப் வந்து நின்றது. அதிகாரி கொட்டிக் கிடந்த அரிசியைப் பார்த்தார், கத்திக்கொண்டிருந்த கோட்டைச்சாமியைப் பார்த்தார், முதுகில் தட்டிக்கொடுத்தார். அவிழ்ந்த ஒரு முடிச்சிலிருந்து ஒருவனுடைய புகழ் முழுவதும் கொட்டியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. டீ குடிக்க வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துவான். களவாணி முதலில் சிரிப்பானாம், நல்லவன் முதலில் முறைப்பானாம். சரக்கு வைத்திருப்பவளின் கால் பெருவிரலில் நடக்குமாம். பொய் சொல்கிறவனுக்கு மேல் உதட்டில் வேர்க்குமாம், மெய் சொல்கிறவனுக்கு நெற்றியில் வேர்க்குமாம். சித்திரை வெயிலில் எங்கள் பக்கம் மேல் உதட்டில் வேர்க்காத ஆள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். கேட்டவர்களையும் சும்மா சொல்லக்கூடாது, அவனுக்கேற்ற ஆட்கள்தான்.

ஒரு வீட்டார் உத்தமபாளையத்துக்குப் பெண் பார்க்கப் போகும்போது இவனை ஜீப்பில் முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப் போனார்கள். பெண் தலையைக் குனிந்தபடி வந்து நின்றது. கேட்ட கேள்வி எதற்கும் பதில் பேசவில்லை. "வாயத் தொறக்காத பொண்ணு. நடை ஒண்ணு போதும், கண்ண மூடிக்கிட்டு முடிங்க" என்று இவன் சொல்லிவிட்டான். கல்யாணம் நடந்தது. பெண்ணுக்கு அன்றைக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. பல்லைப் பிடுங்கிய பிறகு அது நியாயம் கேட்ட சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டது. நல்ல பெண், கேட்க வேண்டியதைத்தான் கேட்டது. வீட்டார் இவனிடம் வந்து மல்லுக்கு நின்றார்கள். இவன் அசரவில்லை.

"கன்னத்துல ஒரு மேடு இருந்ததை அன்னைக்கே பாத்தேன். ஒரு நல்ல காரியத்தைத் தடுக்கக்கூடாதேன்னு சொல்லாம விட்டேன்."

எது நடந்தாலும் அவனுக்கு அது முன்னாலேயே தெரியும். நடந்து முடிந்த பிறகு தெரியும், அவ்வளவுதான் விஷயம்.

இப்போது அவன் பெண்டாட்டி சண்முகத்தாயைப் பற்றிச் சொல்கிறேன். உயரமான பெண், மாநிறம், சத்தம் போட்டுப் பேச மாட்டாள். கோட்டைச்சாமி எழுந்து போய்ச் சாப்பிடுகிற ஆள் இல்லை. அவள்தான் தினமும் மத்தியானம் ஊருக்குள்ளிருந்து வயல் வரப்பு வழியாகப் பித்தளைத் தூக்குவாளியில் சோறு கொண்டுவருவாள். பெஞ்சில் வைப்பாள். அவன் சாப்பிடுவான். பார்வை மட்டும் பாதையில் போகிறவர்கள் மேலேயே இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் வாளியை அவள் பக்கம் காலால் தள்ளுவான். ஊரில் உள்ள முகத்தையெல்லாம் படிக்கிறேன் என்றவன், அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. ஒருமுறை அவளுக்கு நெற்றியில் அடிபட்டுப் பெரிய கட்டுப் போட்டிருந்தாள். "ஏண்ணே, மதினிக்கு என்னாச்சு?" என்று கேட்டேன். "ஏன், என்னாச்சு?" என்று என்னைத் திருப்பிக் கேட்டான்.

சோறு மட்டும் அவனுக்குப் பிடித்திருந்தது. "எங்க வீட்டுல சோறு பூவாட்டம் இருக்கும் பொன்னாத்தா" என்று பெருமையாகச் சொல்வான். அவன் வாங்குகிற ரேஷன் அரிசி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பூ எங்கிருந்து வந்தது என்று அவனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. நானாவது எல்லாம் தெரியும் என்று பெஞ்சில் உட்கார்ந்து பேசவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அதிகாரிக்கு ஒரு விஷயம் உறுத்தத் தொடங்கியது. அவருடைய ஜீப் வருகிற நாட்களில் பாதையில் ஈ காக்கை இருப்பதில்லை. வராத நாட்களில் ஊரே மலை ஏறுகிறது. கோட்டைச்சாமியைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டார்.

"இங்கிருந்தே யாரோ சைகை காட்டுறாங்கய்யா. கண்டுபிடி. பிடிச்சுக் கொடுத்தா உன் வேலையை நிரந்தரமாக்க எழுதுறேன். முடியலைன்னா வீட்டுக்குப் போயிரு. மூஞ்சி பார்க்கிறவன்னு பேர் வாங்கியிருக்கியே, பார்த்துச் சொல்லு."

அன்றையிலிருந்து அவன் பார்த்த பார்வை தாங்க முடியவில்லை. முதலில் என் அடுப்புப் புகை மேல் சந்தேகப்பட்டான். புகை நேராகப் போனால் ஒரு அர்த்தம், சாய்ந்து போனால் ஒரு அர்த்தம் என்று இரண்டு நாள் என் கடை வாசலில் அண்ணாந்தபடி நின்றான். கழுத்து பிடித்துக்கொண்டது. பிறகு பஸ் கண்டக்டர் விசிலைச் சந்தேகப்பட்டான். அப்புறம் சலவைத் தொழிலாளி காயப்போட்ட வேட்டிகளை எண்ணினான். கடைசியில் அவன் கண் அம்மாவாசி மேல் விழுந்தது.

அம்மாவாசி அவித்த மொச்சை விற்கிறவன். கொட்டகைக்குப் பக்கத்துப் புளியமரத்தடியில் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தனிக்கட்டை. இரண்டு வருடத்துக்கு முன்னால் முகவாதம் வந்து அவன் முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. வாய் வலது பக்கம் இழுத்திருக்கும். இடது கண் தானாக மூடும், தானாகத் திறக்கும். பயந்தாலோ பதற்றப்பட்டாலோ இன்னும் வேகமாக மூடித் திறக்கும். மொச்சை வாங்க வருகிற பிள்ளைகள்கூட ஒரு நாள் சிரித்துவிட்டு மறுநாள் மறந்துவிட்டன. ஊர் முழுக்க அறிந்த விஷயம் அது.

கோட்டைச்சாமி அதைத்தான் கண்டுபிடித்தான்.

"கண்ணடிக்கிறான் பொன்னாத்தா! பொம்பளைக மூட்டையோட வரும்போதெல்லாம் கண்ணடிக்கிறான். ஒரு தடவை அடிச்சா வரலாம், ரெண்டு தடவை அடிச்சா வரக்கூடாது. நான் கணக்கெடுத்துட்டேன்."

"அண்ணே, அது வாதம்ணே."

"வாதம்னு ஒனக்குச் சொல்லி வச்சிருக்கான். கள்ளமூஞ்சி அது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கரண்டியை அவன் தலையில் போட்டிருப்பேன். ஆனால் அவன் காக்கி போட்டவன், நான் புறம்போக்கில் கடை வைத்திருப்பவள்.

மறுநாள் காலையில் அம்மாவாசி கூடையை இறக்கி வைப்பதற்குள் கோட்டைச்சாமி பாய்ந்து பிடித்தான். மொச்சை மண்ணில் கொட்டியது. இரண்டு கையையும் சேர்த்து மாட்டுக் கயிற்றால் கட்டி, மூங்கில் போடுகிற கல்தூணோடு சேர்த்து உட்காரவைத்தான். மத்தியானம் ஜீப் வருகிறது, அதிகாரி இவனை உத்தமபாளையத்துக்குக் கொண்டுபோய் உள்ளே தள்ளுவார் என்று எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தான். பிறகு கொட்டகைக்குள் போய், வெளுத்த காக்கியை எடுத்துப் போட்டு, மீசைக்கு மை தடவி, சின்னக் கண்ணாடியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கித் தூக்கி இறக்கினான். அதிகாரி வருகிற நாள் என்றால் காலையிலிருந்தே இந்தக் கூத்து நடக்கும். அது எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். அது இன்னொருத்திக்கும் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

அம்மாவாசி வெயிலில் கிடந்தான். நான் செம்பில் தண்ணீர் கொண்டுபோய் வாயில் ஊற்றினேன். பாதி கோணிய வாய் வழியாக வழிந்தது.

"என் கண்ணு என் பேச்சக் கேக்காதுத்தா" என்றான். "நான் மூடச் சொல்லல. அதுவா மூடுது. ஜெயிலுக்குப் போனா அங்கன யாரு நம்புவா? அங்கனயும் கண்ணடிக்கிறேன்னு அடிப்பாகளே."

பயத்தில் அவன் கண் படபடவென்று மூடித் திறந்தது. கொட்டகை வாசலிலிருந்து கோட்டைச்சாமி கையை நீட்டினான்.

"பாத்தியா, பாத்தியா! கட்டிப்போட்ட பெறகும் சைகை காட்டுறான்!"

சேதி ஊருக்குள் போய்விட்டது போலிருக்கிறது. சோற்று நேரத்துக்கு வெகு முன்னால் சண்முகத்தாய் வந்துவிட்டாள், வெறுங்கையோடு. கல்தூணையும் கயிற்றையும் மண்ணில் கிடந்த மொச்சையையும் பார்த்தாள். நேரே புருஷனிடம் போனாள்.

"அந்த ஆளு இல்லைங்க. அவுத்து விட்டுருங்க."

"ஒனக்கு என்ன தெரியும் மூஞ்சி பாக்க?"

"எனக்குத் தெரியும். அந்த ஆளு இல்ல."

"போயி வெரசாச் சோத்த ஆக்கு. அதிகாரி சாப்பிட்டாலும் சாப்பிடுவாக, கொஞ்சம் கூடக் கொண்டா" என்று அவன் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னான்.

அவள் சிறிது நேரம் அவன் பக்கத்திலேயே நின்றாள். ஏதோ சொல்ல வருவதும் நிறுத்துவதுமாக இருந்தாள். அந்த முகத்தை அவன் அப்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குக்கூட விஷயம் தெரிந்திருக்கும். அவன் மீசையைத்தான் பார்த்தான். அவள் அம்மாவாசியைத் தாண்டும்போது குனிந்து, சிதறிக் கிடந்த மொச்சையில் ஒரு கை அள்ளிக் கூடையில் போட்டுவிட்டுப் போனாள்.

உச்சிப்பொழுதில் ஜீப் வந்தது. பாதையிலிருந்து பார்த்தால் தெரியாதபடி கொட்டகைக்குப் பின்னால் புளியமர நிழலில் நிறுத்தினார்கள். அதிகாரி இறங்கினார். கூட இரண்டு பேர். கோட்டைச்சாமி ஒரு சல்யூட் அடித்து அம்மாவாசியைக் காட்டினான். அதிகாரி அந்த முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். அவருக்குச் சந்தேகம் வந்தது எனக்கே தெரிந்தது. ஆனாலும் அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள், ஒரு ஆளைப் பிடித்தோம் என்று அவரும் காட்ட வேண்டும்.

"ஏத்துங்க" என்றார்.

ஒருவன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது சண்முகத்தாய் வந்தாள். தலையில் சும்மாடு, அதன் மேல் தூக்குவாளி. நேரே அதிகாரியின் முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, அவுக இல்ல. சைகை காட்டினது நான்."

அதிகாரி கோட்டைச்சாமியைப் பார்த்தார். "யாருய்யா இது?"

"எம் பொண்டாட்டிங்கய்யா. மொச்சைக்காரன் மேல எரக்கப்பட்டு ஒளறுது."

"என்ன சொல்றாங்கன்னு கேட்டியா? நீ மூஞ்சி பார்க்கிறவனாச்சே. பார்த்துச் சொல்லு."

கோட்டைச்சாமி அவள் பக்கம் திரும்பினான். நான் பார்க்க அவள் முகத்தை அவன் பார்த்தது அப்போதுதான். கண்ணைச் சுருக்கினான், தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தான், அவள் மேல் உதட்டைப் பார்த்தான், கால் பெருவிரலைப் பார்த்தான். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தான்.

"ஒண்ணுமே இல்லைங்கய்யா. வெறும் பானை. இதுக்குக் கூட்டிக் கழிச்சு ஒரு பொய் சொல்லக்கூடத் தெரியாது. இதப் போயி யாரு நம்பிச் சைகை வாங்குவா?"

சண்முகத்தாய் அதிகாரி பக்கம் திரும்பினாள். "அந்த ஓடையப் பாருங்கய்யா" என்று வயலுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். கருவேலம் புதர் அடர்ந்த வறண்ட ஓடை. அங்கே ஒரு குருவிகூடத் தெரியவில்லை. அவள் தலையிலிருந்த தூக்குவாளியை இறக்கினாள். நிதானமாக இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

புதருக்குள்ளிருந்து ஒரு தலை எழுந்தது. அதன் மேல் ஒரு மூட்டை. அது சுருளியம்மாள் என்று அந்தத் தூரத்திலும் எனக்கு அடையாளம் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் இன்னொரு தலை, இன்னொரு மூட்டை. பிறகு வரிசையாக எழுந்துகொண்டே இருந்தார்கள். கரை ஏறி வரப்பைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்கள். சிலர் தங்களுக்குள் பேசிச் சிரிப்பதுகூடத் தெரிந்தது.

சண்முகத்தாய் வாளியைத் தூக்கி மறுபடி தலையில் வைத்தாள்.

ஒருவர் விடாமல் அப்படியே உட்கார்ந்தார்கள். ஓடை பழையபடி வெறும் ஓடையாகிவிட்டது. அதிகாரியோடு வந்த இருவரும் வயலில் இறங்கி ஓடினார்கள். போய்ச் சேர்ந்தபோது அங்கே கருவேல முள்ளைத் தவிர ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கும் காலில் முள் குத்தியதுதான் மிச்சம்.

"நீங்க வர்றது எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீக" என்றாள் சண்முகத்தாய் அதிகாரியிடம். "எங்க வீட்டுக்காரக வெள்ளன எந்திரிச்சு மீசைக்கு மை தடவுனா நீங்க வாறீகன்னு அர்த்தம். அழுக்கு லுங்கியோட பல்லுக் குச்சிய மென்டுக்கிட்டுக் கெளம்புனா வரலைன்னு அர்த்தம். வேற யாருகிட்டயும் நான் கேக்கல. அவுக மூஞ்சியத்தான் பாத்தேன்."

அதிகாரியின் முகத்தில் கோபம் வந்தது, பிறகு அது சிரிப்பாக மாறப் பார்த்தது, அதை அவர் இருமி மறைத்துக்கொண்டார். "ஏம்மா, வாட்சர் பொண்டாட்டியா இருந்துக்கிட்டு இதைச் செய்யலாமா?" என்று கேட்டார்.

"எங்க தெருவுல பாதி அடுப்பு அந்த மூட்டையாலதான் எரியுதுங்கய்யா. எங்க அடுப்பும்தான். இவுக தெனமும் பூவாட்டம் இருக்குன்னு சாப்பிட்டது அந்த அரிசிதான்."

நான் கடை வாசலில் நின்றபடி சத்தமாகவே சிரித்துவிட்டேன். அடக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதிகாரி கோட்டைச்சாமியிடம் திரும்பினார். "ரிப்போர்ட்ல நான் என்னய்யா எழுதறது? வாட்சரோட சாப்பாட்டு வாளிதான் சிக்னல், அது அவன் கண் முன்னாலயே தினமும் வந்துச்சு, அவன் அதுல சாப்பிட்டான்னு எழுதவா? என்னையும் சேர்த்துச் சிரிப்பாங்க." அம்மாவாசியை விடச் சொன்னார். சண்முகத்தாயை இனிமேல் இந்தப் பக்கம் வாளியோடு பார்க்கக்கூடாது என்று எச்சரித்தார். வேறு ஆள் போடும் வரைக்கும் இருந்துவிட்டுக் கிளம்பு என்று கோட்டைச்சாமியிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். நிரந்தர வேலை புளியமரத்து நிழலோடு போயிற்று.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஊரில் ஒரு ஏமாளி கூடிவிட்டான், அவ்வளவுதானே. ஏமாறாத மனிதர் யார்? நான்கு நாள் தலையைக் குனிந்து நடந்திருந்தால் நானே இரக்கப்பட்டு ஒரு டீ சும்மா கொடுத்திருப்பேன்.

அன்று சாயங்காலம் என் கடையில் நல்ல கூட்டம். விஷயத்தைக் கேள்விப்பட்டு வந்தவர்கள்தான் பாதி. அம்மாவாசியை உள்ளே உட்காரவைத்துச் சுக்குக் காப்பி கொடுத்திருந்தேன். மணிக்கட்டில் கயிறு பதிந்த இடம் கன்றிப்போயிருந்தது. சண்முகத்தாய் கடைக்குப் பக்கத்துத் தொட்டியில் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கோட்டைச்சாமி வந்தான், பெஞ்சில் உட்கார்ந்தான், கால்மேல் கால் போட்டான்.

"என்னண்ணே, ஒங்க பொண்டாட்டி மூஞ்சியவே ஒங்களால படிக்க முடியலையே?" என்று எவனோ கேட்டான்.

கோட்டைச்சாமி டீயை ஊதி ஒரு வாய் குடித்தான்.

"யாருய்யா படிக்கலைன்னது? எனக்கு ஆதியிலயே தெரியும். வாளி தலைக்கு ஏறுறதும் எறங்குறதும் எனக்குத் தெரியாதா? பொண்டாட்டியாச்சேன்னு கண்டுக்காம விட்டேன்."

நான் டீ ஆற்றிய கை நின்றுவிட்டது. அந்தப் பழைய பாட்டு. முடிச்சு அவிழ்ந்ததும் நினைத்தேன், கன்னத்தில் மேடு பார்த்தேன், வாளியும் தெரியும்.

அம்மாவாசி காப்பித் தம்ளரைக் கீழே வைத்தான். கோணிய வாயால் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டான்.

"தெரிஞ்சேவா என்னைய வெயில்ல கட்டிப் போட்டீக?"

கோட்டைச்சாமிக்கு எதிரில் இரண்டு வழிதான் இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது, நான் ஒரு முட்டாள் என்று சொல்லலாம். சொல்லிவிட்டால் மன்னித்திருப்பார்கள், அம்மாவாசியே மன்னித்திருப்பான். அல்லது தெரிந்தேதான் செய்தேன் என்று சொல்லலாம். அவன் யோசிக்கவே இல்லை.

"தெரிஞ்சுதான்" என்றான். "வீட்டுப் பேரு வெளிய வரக்கூடாது, யாரையாச்சும் ஒருத்தனைக் காட்டணும். நீ தனிக்கட்டை. கோணமூஞ்சி. உள்ள போனா ஒனக்கென்ன நஷ்டம்?"

முட்டாள் என்று பேர் எடுப்பதைவிட அயோக்கியன் என்று பேர் எடுப்பது அவனுக்குச் சம்மதமாக இருந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பொய்யாகவே தன்னை அயோக்கியனாக்கிக்கொண்ட ஒருவனை என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்தேன். அம்மாவாசியின் கண் மூடித் திறந்துகொண்டிருந்தது.

தொட்டிப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது. சண்முகத்தாய் உள்ளே வந்தாள். வெறும் பானை என்று அதிகாரி முன்னால் அவன் சொன்னபோதும் அவள் முகம் மாறவில்லை. இப்போது மாறியிருந்தது. அதை விவரித்து எழுத எனக்கு விருப்பமில்லை. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது, இரண்டு பேர் எழுந்து அவளுக்கு வழிவிட்டார்கள். கழுவிய தூக்குவாளியை அவன் எதிரில் பெஞ்சின் மேல் வைத்தாள்.

"நாளைக்குச் சோத்துக்கு வேற ஆளப் பாத்துக்கங்க" என்றாள்.

என் பக்கம் திரும்பி, "வாறேன் மதினி" என்றாள். வெளியே போனாள். மூங்கிலைத் தூக்கிவிட்டுக் குனிந்து அந்தப் பக்கம் போய், மலைப்பாதையில் ஏறத் தொடங்கினாள். மேலே ஏலத்தோட்டங்களில் பெண்களுக்கு எப்போதும் வேலை உண்டு. சுருளியம்மாளும் இன்னும் சிலரும் வளைவில் நின்றிருந்தார்கள். அவள் தலையிலும் வாளி இல்லை, இடுப்பிலும் இல்லை. அவர்கள் ஒன்றும் கேட்காமல் அவளோடு சேர்ந்து நடந்தார்கள்.

கோட்டைச்சாமி கடை வாசலுக்கு வந்து நின்று, நெற்றியில் கை வைத்து அவள் முதுகைப் பார்த்தான். கூட்டமும் அவனுக்குப் பின்னால் நின்றது.

"ஒண்ணுமில்ல, கோவம்" என்றான். "ரெண்டு நாளுல தானா வந்துருவா. நடையப் பாருங்க, காலு பின்னாலயே இழுக்குது."

நானும் பார்த்தேன். அவள் ஒரு இடத்தில்கூட நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பி வரவே இல்லை.

மறுநாள் மத்தியானம் கோட்டைச்சாமி என் கடைக்குச் சாப்பிட வந்தான். நான் அவன் எதிரில் போய் நின்று அவன் முகத்தையே பார்த்தேன். நேற்றிலிருந்து சேர்ந்து கிடந்த அருவருப்பு முழுவதும் என் முகத்துக்கு ஏறட்டும் என்று விட்டுவிட்டேன். ஒன்றையும் மறைக்கவில்லை. பக்கத்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரி டிரைவர் என்னைப் பார்த்துவிட்டுச் சோற்றுக் கையோடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

கோட்டைச்சாமி நிமிர்ந்தான். கண்ணைச் சுருக்கினான். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து ரொம்ப நேரம் என் முகத்தைப் படித்தான்.

"பொன்னாத்தா, இந்த ஊருல எம்மேல உண்மையான மரியாதை வச்சிருக்கவ நீ ஒருத்திதான். நீ சொல்லாட்டியும் மூஞ்சியில தெரியுது" என்றான்.

"இலை போடவாண்ணே?" என்று கேட்டேன்.